அப்பா கொடுத்த ஷூ

டாக்ஸி வந்து நின்றதும் சுந்தரேசன் முதல் வேலையாக அதன் நான்கு சக்கரங்களையும் காலால் உதைத்துப் பார்த்தார். பின் சீட்டில் பெல்ட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் டிரைவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் முன்னால் ஏறிக்கொண்டார்.

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் பழகிவிடும். சாந்தாவுக்குப் பழகிவிட்டது. தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்தும்போது பக்கத்தில் மணல் வாளி வைக்கிற வீடு ராமச்சந்திராபுரம் குடியிருப்பிலேயே இவர்களுடையது ஒன்றுதான். அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆனால் இன்றைக்கு அதைப் பழக்கம் என்று சாந்தாவால் விட முடியவில்லை. சாயங்காலம் அவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் ஒரு மனிதரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் மேஜர் ராகவேந்திரா தொலைபேசியை வைத்த இடத்தில் இவர்களை விட்டுவிட்டு வந்தோம். அதற்கு முந்திய கதையைத் தவறவிட்டவர்களுக்கும் சேர்த்துச் சொன்னால், விஷயம் இதுதான். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த இந்தக் குடும்பத்தின் ஒரே பெண் சுபாஸ்ரீ கல்லூரியில் படிக்கிறாள். சங்கர்பள்ளி சாலையில் மேஜர் நடத்தும் பள்ளியில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா முதல்முறையாக வந்து வேலிக்கு வெளியே நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மனையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாள் பறந்து வந்தது. குதிரை மிரண்டது. சுபா விழுந்தாள். விழுந்ததோடு போகவில்லை, தரையோடு தரையாக இழுபட்டாள். தோள் எலும்பும் கையும் முறிந்தன.

சுந்தரேசன் வேலியைச் சுற்றி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, குதிரையின் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியதைக் கண்ணால் பார்த்தார். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற வாரை ஒழுங்காக இறுக்கவில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். கட்டியவர் மொயின் என்கிற குதிரைக்காரர். அன்றிலிருந்து மொயின் குதிரைக்குச் சேணம் கட்டக் கூடாது, லாயத்தில் சாணி அள்ளுவதோடு சரி.

“வார் தளர்வா இருந்துச்சாம்மா?” என்று அப்பாவும் மேஜரும் சுபாவைக் கேட்டார்கள். “தெரியல” என்றாள்.

அந்த ஒரு “தெரியல” போதுமாக இருந்தது. இன்று மாலை சுந்தரேசன் நேரில் வந்து தன் குற்றச்சாட்டில் உறுதியாக இருப்பதாகச் சொன்னால், மொயினை அனுப்பிவிடுவதாக மேஜர் சொல்லியிருந்தார்.

சுபாவின் எலும்பு கூடிவிட்டது. அவள் மறுபடி குதிரை ஏற வேண்டும் என்றபோது சாந்தா கூடவே கூடாது என்று அழுது பார்த்தாள். ஆச்சரியமாக, சுந்தரேசன்தான் சம்மதித்தார். பயத்தோடு பெண்ணை வீட்டில் உட்கார வைக்கக் கூடாது என்றார். ஒரே ஒரு நிபந்தனை. தலை முதல் கால் வரை அவள் போடப்போகும் அத்தனையையும் அவர்தான் பார்த்து வாங்குவார்.

திருமலகிரி லால் பஜாரில், பட்டாளத்துக்காரர்களுக்கும் குதிரைப் பந்தயக்காரர்களுக்கும் உடுப்பு விற்கிற ஒரு பழைய கடையில் போய் இறங்கினார்கள். கடைக்காரம்மாள் ஆக்னஸுடையது, அப்பா காலத்தில் வேலூரிலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம்.

“தமிழா? வாங்க வாங்க, உக்காருங்க. பாப்பாவுக்கா?” என்றாள்.

“ஆமாம்மா. ஒரு தடவை விழுந்து எழுந்தவ. இனிமே எதுலயும் குறை இருக்கக் கூடாது” என்றார் சுந்தரேசன்.

தொப்பியில் தொடங்கினார்கள். உள்ளே கெட்டியான ஓடும் வெளியே கறுப்பு வெல்வெட்டும் வைத்த தலைக்கவசம். சுந்தரேசன் அதைத் தட்டிப் பார்த்தார், முகவாய்ப் பட்டையைப் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார். சுபாவின் தலையில் மாட்டி, “குனி, நிமிரு, தலையை ஆட்டு” என்றார். அசையவில்லை. அவர் முகத்தில் அன்றைய முதல் திருப்தி தெரிந்தது.

அடுத்து கால்சட்டை. ஆக்னஸ் ஒன்றை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“உள்தொடைப் பக்கம் தையல் வந்தா உரசி உரசிப் புண்ணாயிடும் சார். இதுல பாருங்க, தையலைத் தள்ளி வச்சு, முட்டிக்கு உள்பக்கம் தோல் பட்டை கொடுத்திருக்கு. சேணத்துல பிடிப்பு இருக்கும்.”

மேலுக்கு என்று சாந்தா வீட்டிலிருந்தே ஒரு நீளமான பருத்தி குர்தா கொண்டுவந்திருந்தாள். ஆக்னஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். “தொளதொளன்னு எதுவும் நக்கோம்மா. காத்துல பறந்தா குதிரை மிரளும், சேணத்துலயும் மாட்டிக்கும். உடம்போட ஒட்டின டீ ஷர்ட் போதும்.” சாந்தா குர்தாவைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

இதுவரைக்கும் எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று. பூட்ஸில்தான் வந்தது வினை.

சுபா உள்ளே வந்ததிலிருந்தே ஒரு ஜோடியின் மேல் கண் வைத்திருந்தாள். கணுக்காலுக்கு மேல் வரைக்கும் ஏறும் பழுப்பு நிறத் தோல் பூட்ஸ். முனை ஒடுங்கியது, பக்கவாட்டில் எலாஸ்டிக், பின்னால் சின்னதாக ஒரு குதிகால் கட்டை. சுந்தரேசன் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். முகம் மாறிவிட்டது.

“என்ன இது, சோல் மொழுமொழுன்னு கண்ணாடி மாதிரி இருக்கு? ஈரத்துல கால் வச்சா வழுக்கிட்டுப் போகுமே.”

பக்கத்து அலமாரியிலிருந்து அவரே ஒன்றை எடுத்தார். கனத்த கறுப்பு ரப்பர் அடி, டிராக்டர் டயர் மாதிரி பல் பல்லாக. “இதான் பூட்ஸ். கிரிப் பாருங்க.”

“அது பட்டாளத்துக்காரங்க காட்டுல நடக்கறதுக்கு சார். குதிரைக்கு அடி மொழுமொழுன்னுதான் இருக்கணும். ஏன்னா, கால் உள்ள போயி—”

“ஆன்ட்டி, இதுல ஆறாம் நம்பர் இருக்கா?” என்று சுபா குறுக்கே விழுந்தாள்.

“இரும்மா, அவங்க என்னவோ சொல்ல வர்றாங்க” என்றார் சுந்தரேசன்.

“ஒண்ணும் இல்லப்பா. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

“ஏன் பிடிச்சிருக்கு? காரணம் சொல்லு.”

சுபா பூட்ஸைப் பார்த்தே சொன்னாள். “அழகா இருக்கு.”

சுந்தரேசன் பூட்ஸைக் கீழே வைத்தார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. “கேட்டியா சாந்தா? கையைக் கட்டிக்கிட்டு மாசக்கணக்கா படுத்துக் கெடந்த பொண்ணு, அழகு பாத்து பூட்ஸ் எடுக்கிறா.” பிறகு ஆக்னஸ் பக்கம் திரும்பினார். “போன தடவை இவ போட்டிருந்தது எங்க பாக்டரி சேப்டி ஷூம்மா. முன்னால இரும்பு மூக்கு, அடியில இதே மாதிரி பல்லு. தோள் போச்சு, கை போச்சு, ஆனா பாதத்துல ஒரு கீறல் கிடையாது. அந்த ஷூதான் இவ காலைக் காப்பாத்திச்சு.”

ஆக்னஸ் வாயைத் திறந்தாள். சுபாவைப் பார்த்தாள். சுபா அப்பாவுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆக்னஸ் திறந்த வாயை மூடிக்கொண்டு, “ஆறாம் நம்பர் தேடறேன்” என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பா பார்க்காத அந்தத் தலையாட்டலை அம்மா பார்த்துவிட்டாள். கால்சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சுபா திரைக்குப் பின்னால் போனதும், ஊக்கு மாட்டிவிடுவது போல அவளும் பின்னாலேயே போனாள்.

“ஏண்டி, அந்தம்மா வாயை எதுக்கு அடைச்சே?”

“நான் ஒண்ணும் பண்ணலமா.”

“சுபா, என்னைப் பாரு.”

சுபா பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணு.”

“முதல்ல விஷயத்தைச் சொல்லு.”

“கால் வெளிய வரலமா” என்றாள் சுபா. “அன்னிக்கு நான் சும்மா விழுந்திருப்பேன். எல்லாரும்தான் விழறாங்க, மண்ணைத் தட்டிட்டு எழுந்திருக்கறாங்க. ஷூ அந்த வளையத்துல மாட்டிக்கிச்சு.”

குதிரை மேல் இருப்பவர்கள் கால் வைக்கிற இரும்பு வளையம், அங்கவடி, அதைத்தான் சொன்னாள்.

“முன்னால இரும்பு வச்சு அகலமா இருக்கில்ல, உள்ள போறப்பவே இடிச்சுக்கிட்டுத்தான் போச்சு. அடியில பல்லு வேற. போன கால் திரும்பி வரல. குதிரை ஓடுது, நான் ஒத்தைக் கால்ல தொங்கறேன். என் வெயிட் பூரா ஒரே பக்கம். சேணம் சரியாம என்ன செய்யும்? வார் டைட்டாத்தான் இருந்துச்சு. மொயின் பாய் கட்டினப்ப நான் பக்கத்துலயே நின்னேன்.”

சாந்தா திரையை இன்னும் இழுத்து மூடினாள்.

அந்த ஷூ வீட்டுக்கு வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் கொடுப்பார்கள். அந்த வருஷம் சுந்தரேசன் தன் ஜோடியை விட்டுக்கொடுத்துவிட்டு, ஸ்டோர்ஸில் பேசி, பயிற்சிக்கு வரும் பெண்களுக்கென்று இருக்கும் சின்ன அளவில் ஒன்றைச் சுபாவுக்காக வாங்கிவந்தார். குதிரை மிதித்தாலும் விரல் நசுங்காது என்று அதன் மூக்கில் சுத்தியலால் அடித்தே காட்டினார். அவர் மட்டும் அந்த வருஷம் முழுக்கப் பழைய ஜோடியில் குதிகால் தேயத் தேய நடந்தார். மகள் மேல் வைத்த பிரியத்தை அந்த மனிதருக்கு வேறு எப்படிக் காட்டத் தெரியும்?

“குதிரைக்கு அது ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. எப்பவும் ரைடிங் ஸ்கூல்ல இருக்கற பூட்ஸைத்தான் போடுவேன். அப்பா கொடுத்தது பையிலயே கெடக்கும். அன்னிக்கு அப்பா பாக்க வந்தாரே, அவர் கண்ணுல படணும்னு போட்டேன். ‘ஏ ஜூத்தா நக்கோ பேபி’, இந்த ஷூ வேணாம்னு மொயின் பாய் சொன்னாரு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாய்னு நான்தான் கெஞ்சினேன். மேஜர் சாரும் அன்னிக்கு ஊர்ல இல்ல.”

“பின்னே அவங்க கேட்டப்ப ஏண்டி தெரியலன்னே? ஒரு மனுஷன் பொழப்பு போகுதேடி!”

சுபா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. “ஆஸ்பத்திரியில அப்பா என் காலடியில உக்காந்து பாதத்தைத் தடவிக்கிட்டே இருந்தாரு. நம்ம ஷூ காலையாவது காப்பாத்திடுச்சேன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அப்பா அழுது நான் பாத்ததே இல்லம்மா. அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொல்லவே முடியல.”

“இன்னும் என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” என்று வெளியிலிருந்து சுந்தரேசனின் குரல் வந்தது.

சாந்தா புடவைத் தலைப்பால் மகளின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். “அவளுக்குப் பிடிச்ச பூட்ஸையே எடுத்துடுங்க” என்றாள். சொன்ன குரலில் என்ன இருந்ததோ, சுந்தரேசன் முணுமுணுத்தாரே தவிர மறுக்கவில்லை. ஆக்னஸ் பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது சாந்தாவின் கையை லேசாக அழுத்தினாள்.

திரும்பி வருகிற வழி நீண்டது. போயன்பள்ளி, பாலாநகர், கூகட்பள்ளி, மியாப்பூர் என்று கார் ஊர்ந்தது. பார்த்த பக்கமெல்லாம் பாறையை உடைத்துக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். புதிது புதிதாகக் கம்பெனி ஊழியர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளைக் கார்கள் முந்திக்கொண்டு போயின. சாந்தா எதையும் பார்க்கவில்லை.

முன்சீட்டிலிருந்து சுந்தரேசன் பேசிக்கொண்டே வந்தார். “எனக்கு அவன் மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் கிடையாது சாந்தா. குழந்தை குட்டிக்காரன்னு மேஜர் சொன்னாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு விட்டுட்டா நாளைக்கு இன்னொரு வீட்டுப் பொண்ணு விழுவா.”

பொய் சொல்கிற மனிதர் இல்லை. அதுதான் சாந்தாவுக்கு வேதனையாக இருந்தது. தொழிற்சாலையில் ஒரு முறை கிரேனிலிருந்து பாரம் விழுந்து ஒருவர் கால் போயிற்று. ஆபரேட்டர் தூங்கிவிட்டான் என்று மேலிருந்து கீழ்வரை எல்லோரும் சொன்னார்கள். இவர் ஒருத்தர்தான் ஒத்துக்கொள்ளாமல், ராப்பகலாக விசாரணை நடத்தி, கொக்கி உள்ளுக்குள்ளே தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து அந்த ஆபரேட்டரைக் காப்பாற்றினார். அந்த ஆள் இன்றைக்கும் இவரைக் கண்டால் கும்பிடுவார். அப்படிப்பட்டவர், தன் பெண் தரையில் கிடந்த அந்த ஒரு நாளில் மட்டும் எதையும் விசாரிக்கவில்லை.

சொன்னால் மனிதர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாதவர் இவர் வார்த்தையால் தெருவுக்கு வருவார். இன்றைக்கு மறைத்தது என்றாவது ஒரு நாள் இவர் காதுக்கு வராமல் போகாது. அன்றைக்கு இவர் தன்னையும் மன்னிக்க மாட்டார், சாந்தாவையும் மன்னிக்க மாட்டார். லிங்கம்பள்ளி தாண்டுவதற்குள் சாந்தா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

“வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்க.”

“என்ன, தலை சுத்துதா?”

“இல்லங்க. உங்ககிட்ட ஒண்ணு பேசணும். கீழே இறங்கி வாங்க.”

பாதி எழும்பிய ஒரு மதில் சுவரின் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. சுற்றி வளைத்துச் சொல்ல சாந்தாவுக்குத் தெம்பு இல்லை.

“வார் தளரலங்க. மொயின் சரியாத்தான் கட்டியிருந்தாரு. நீங்க கொடுத்த ஷூ வளையத்துல மாட்டிக்கிச்சு. அதனாலதான் சுபா இழுபட்டா.”

சுந்தரேசன் சிரித்துவிட்டார். “யார் சொன்னா உனக்கு? அந்தக் கடைக்காரம்மாவா? அது சேப்டி ஷூ சாந்தா. அதுல போய்—”

“நான்தான் சொன்னேன்ப்பா” என்றாள் சுபா. அவளும் இறங்கி வந்திருந்தாள்.

சுந்தரேசன் மகளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் கோபப்படுவார் என்று சாந்தா பயந்தாள். அவர் கோபப்படவில்லை. தொழிற்சாலை விசாரணை அறையில் உட்கார்ந்து கேட்பது போல, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

“எந்தக் கால்?”

“இடது.”

“எதுவரைக்கும் உள்ள போயிருந்தது?”

“நடுப்பாதம் வரைக்கும்.”

“உருவிப் பாத்தியா?”

“முடியலப்பா. மூக்கு இடிச்சுது.”

“குதிரையை நிறுத்தினது யாரு?”

“மொயின் பாய். குறுக்க ஓடி வந்து கடிவாளத்தைப் பிடிச்சாரு.”

“காலை எப்படி வெளிய எடுத்தாங்க?”

“அவர்தான் லேஸைக் கத்தியால அறுத்து என் காலை மட்டும் உருவினாரு. ஷூ வளையத்துலயே மாட்டிக்கிட்டு நின்னுச்சு. நீங்க வர்றதுக்குள்ள அதையும் புடுங்கிக் கீழ போட்டுட்டாரு.”

சுந்தரேசனின் குரல் தாழ்ந்தது. “வார்?”

“கட்டினது கட்டினபடியே இருந்துச்சுப்பா. பக்கிள் அதே ஓட்டையில.”

அதற்கு மேல் கேட்க அவரிடம் கேள்வி இல்லை. மதில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, பூசாத செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். சாந்தா அவர் முதுகில் கை வைத்தாள்.

“இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?” என்றார் திரும்பாமலே.

“நீங்க அழுதீங்களேப்பா.”

“அதுக்கு? அழறவன்கிட்ட நிஜத்தைச் சொல்லக் கூடாதா? நான் அழுவேன்னு பயந்து அந்த மனுஷரைச் சாணி அள்ள விட்டுட்டோமேம்மா.” கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “எல்லாரும் சேந்து விட்டுட்டோம். நான்தான் முதல்ல.” அவராகவே போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் மேஜரின் அறைக்குள் தனியாகத்தான் போனார். கூட வருகிறேன் என்ற சாந்தாவைக் கையமர்த்திவிட்டார். வெளியே வந்தபோது மேஜர் அவர் தோளில் கை போட்டு வாசல்வரை வந்தார். மொயின் இன்றிலிருந்தே பழையபடி வேலை பார்க்கலாம் என்று சொல்லியாயிற்று. சாந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இத்தோடு தீர்ந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

மூவரும் லாயத்துக்குப் போனார்கள். மொயின், ஷப்னம் என்கிற செம்பழுப்புப் பெண்குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. சுந்தரேசனைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சுந்தரேசன் தனக்குத் தெரிந்த ஆபீஸ் ஹிந்தியில் பேசினார். தட்டுத் தடுமாறினாலும் விஷயத்தை விடவில்லை. “மொயின் பாய், தப்பு உங்களுது இல்ல. நான் கொடுத்த ஷூவால வந்தது. விசாரிக்காம உங்க மேல பழியைப் போட்டேன். பெரிய அநியாயம் பண்ணிட்டேன். என்னை மன்னிக்கணும்.” கையைக் கூப்பினார்.

மொயின் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் முகம் மலரவில்லை. அந்த ஊர் உருதுவான தக்கனியில் மெதுவாகக் கேட்டார். “ஸாப், நீங்க சொல்றது நிஜமா? இல்ல, என் பொழப்பு போயிடுமேன்னு இரக்கப்பட்டுச் சொல்றீங்களா?”

“நிஜம். நிஜம்தான் பாய்” என்றாள் சுபா. “நீங்க டைட்டாத்தான் கட்டினீங்க. நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லாதது என் தப்பு.”

மொயின் அவளையும் பார்த்தார், சுந்தரேசனையும் பார்த்தார். “அன்னிக்குச் சரியாத்தான் கட்டினேன்னு நெனச்சேன் ஸாப். அப்புறம் வார் தளர்வுன்னு நீங்க சொன்னீங்க, ஷூ மாட்டினதும் அதனாலதான் போலன்னு வாயை மூடிக்கிட்டேன். பெரிய பாக்டரி கார்க்கானாவுல இந்த மாதிரி விஷயத்தைக் கண்டுபிடிக்கறதே உங்க வேலைன்னு சொன்னாங்க. அப்படிப்பட்டவர் கண்ணால பாத்துச் சொல்றாரே, ஒரு ஓட்டை விட்டுக் கட்டிட்டேனோன்னு படுத்தா அதே யோசனை. யோசிக்க யோசிக்க, விட்டுத்தான் கட்டினேன்னு ஞாபகமே வந்துடுச்சு. என் விரல் அந்தத் தப்பு ஓட்டையில போறது கண்ணுக்குத் தெரியுது. இப்ப இல்லேங்கறீங்க. மனசு நம்புது. கை நம்ப மாட்டேங்குது.”

சுபா பெட்டியைப் பிரித்து புது பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டாள். “சேணம் போடுங்க பாய். நான் ஏறணும்.”

மொயின் தயங்கினார். பிறகு சேணத்தைத் தூக்கி ஷப்னத்தின் முதுகில் வைத்தார். அந்தப் பக்கம் போய் வாரைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் குனிந்து வயிற்றுக்கடியில் கைவிட்டு எடுத்தார். பக்கிளில் கோத்தார், இழுத்தார். அவிழ்த்தார். மறுபடி கோத்தார். விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். மறுபடி அவிழ்த்தார். குதிரை பொறுமையாக நின்றது. அவர் நெற்றியில் வியர்வை பூத்துவிட்டது. கடைசியில் வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நக்கோ பேபி. நான் வேற யாரையாவது கூப்பிடறேன்.”

“வேற யாரும் வேண்டாம்.” குதிரை ஏறுவதற்காகப் போட்டிருந்த கல்லின் மேல் சுபா உட்கார்ந்தாள். குரலில் அழுகை இல்லை. “நீங்க கட்டற வரைக்கும் நான் எந்தக் குதிரையிலயும் ஏறப்போறதில்ல. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வர்றேன். நாளைக்கு இல்லன்னா அடுத்த வாரம். தினமும் வந்து இங்கயே உக்காருவேன்.”

மொயின் வாளியை எடுத்துக்கொண்டு லாயத்தின் கோடிக்குப் போய், அங்கே சும்மா நின்றார்.

சுந்தரேசன் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். அரை நாளில் பத்து வயது கூடிவிட்டது போலிருந்தது அவர் முகம்.

“சொன்னதை நான் வாபஸ் வாங்கிட்டேன் சாந்தா” என்றார். “அவர் கைக்குள்ள போயிட்டதை எப்படி வாங்கறது?”

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சுபா கல்லை விட்டு அசையவில்லை. ஷப்னத்தின் வயிற்றுக்குக் கீழே வார் கட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.